கறுப்புத் தலை மிஷின் ஒன்று, தைப்பவர்கள் மூணு பேர்: எதை வாங்கி வைக்கணும், எதைச் சமாளிக்கலாம்?

கேள்வி: முதுகுளத்தூர்_தையல்

எல்லாருக்கும் வணக்கம். முதுகுளத்தூர் பக்கத்துக் கிராமம். மூணு வீட்டுக்கும் சேர்த்து ஒரே மிதி மிஷின்தான். பழைய கறுப்புத் தலை, இடது பக்கத் தகட்டைத் தள்ளி பாபின் கேஸ் (அடி நூல் சுத்தின பாபினை வைக்கிற கூடு) போடுகிற மாடல். ஜாக்கெட், நைட்டி, உள்பாவாடை, பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறோம். இன்னொரு மிஷின் வாங்க இப்போதைக்கு வழியில்லை. சாமான் வேணும்னா பரமக்குடி, அங்கே கிடைக்கலேன்னா மதுரை.

இப்போ உள்ள பிரச்சினைகள்: தையல் ஆரம்பிக்கிற இடத்தில் அடியில் நூல் கொத்தாகச் சுத்திக்குது. பாபின் ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்கினாலும் அடியில் வளையம் வளையமாகத் தொங்குது. டி-ஷர்ட் துணியில் தையல் விட்டு விட்டு விழுது. பெல்ட் வழுக்குது. பாபின் சுத்துகிற இடத்து ரப்பர் வளையம் தேஞ்சு போச்சு. பாபின் ரெண்டே ரெண்டு. துணி ஓரம் பிரியாமல் தைக்கிற ஓவர்லாக் மிஷின் கிடையாது. எலாஸ்டிக், ஜிப் எல்லாம் தீர்ந்து போனால் மாசக்கணக்கில் காத்திருக்கணும்.

ஒரே தடவை மதுரை போய் வர்றோம். எதை அவசியம் வாங்கணும், எதை வீட்டில் இருப்பதை வைத்தே ஒப்பேத்தலாம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில் 1: ரிப்பேர்_பெஞ்ச்

நீங்கள் சொல்கிற தலை சிங்கர் 15 அமைப்பு. உஷா, மெரிட், ரீட்டா என்று மேலே எந்தப் பெயர் இருந்தாலும் நம் ஊரில் ஓடும் கறுப்புத் தலைகளில் பெரும்பாலானவை அதே அச்சுதான். பாபின், பாபின் கேஸ், ஷட்டில் (கீழே மேல் நூலைக் கொக்கிபோல் பிடிக்கும் பாகம்), பல் (துணியை இழுப்பது), பிளேட் (ஊசி இறங்கும் தகடு), ஃபுட் (துணியை அமுக்குவது) எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும். லூதியானாவில் செய்கிற உதிரிபாகங்கள் நாடு முழுக்கப் போகின்றன. கம்பெனி பெயரைச் சொல்லித் தேடி அலைய வேண்டாம். பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள். மதுரையில் புது மண்டபத்தில் இருந்த தையல் சாமான் கடைகளைத் தேடுகிறீர்கள் என்றால், அவை குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன.

காசு முதலில் போக வேண்டியது ஊசிக்கு. இதில் மட்டும் சமாளிப்பு வேலை கூடாது. கேட்க வேண்டியது 15×1, அதாவது எச்ஏ×1. தண்டின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். டிபி×1 என்று கொடுத்தால் வாங்காதீர்கள். அது கார்மெண்ட்ஸ் பவர் மிஷின் ஊசி. தண்டு முழு உருண்டை, தடிமன் 1.6 மி.மீ.தான். உங்கள் தலைக்கு 2 மி.மீ. தண்டு வேண்டும். ஸ்க்ரூவை இறுக்கினால் பிடித்த மாதிரி இருக்கும், ஆனால் சாய்ந்து நின்று ஷட்டிலில் இடிக்கும்.

நம்பர் 11 ரூபியா, வாயில் மாதிரி மெல்லிசுக்கு. 14 சாதாரண காட்டன், பாப்ளின், லைனிங் ஜாக்கெட்டுக்கு. 16 யூனிஃபார்ம் பேண்ட் துணிக்கு. 18 ஜீன்ஸ், பைத் துணி. உங்கள் வேலைக்கு 14-இல் இரண்டு பாக்கெட், 11-உம் 16-உம் ஒவ்வொன்று. டி-ஷர்ட் துணிக்கு உருண்டை முனை ஊசி, பால் பாயிண்ட் என்று கேளுங்கள், 11 அல்லது 14. அதில் தையல் விடுவதற்குக் காரணம் பெரும்பாலும் மிஷின் இல்லை. கூர் முனை பின்னல் இழையைக் குத்துகிறது, துணி ஊசியோடு சேர்ந்து எழும்புகிறது, ஷட்டில் பிடிக்க வேண்டிய நூல் வளையமே உருவாவதில்லை. பால் பாயிண்ட் கிடைக்காவிட்டால் துணிக்கடியில் மெல்லிய வெள்ளைத் தாள் வைத்துத் தைத்து, பிறகு கிழித்து எடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும்.

ஊசி மாட்டும் விதம்: பாபின் கேஸ் எந்தப் பக்கமிருந்து நுழைகிறதோ அந்தப் பக்கமிருந்துதான் நூல் கோர்க்க வேண்டும். தட்டைப் பக்கம் அதற்கு எதிர்ப்புறம். உங்கள் தலையில் கேஸ் இடது; ஆகவே தட்டை வலது, கோர்ப்பது இடமிருந்து வலம். ஊசியை மேலே முட்டும்வரை ஏற்றி இறுக்குங்கள். 1 மி.மீ. இறங்கி நின்றாலும் தையல் விடும்.

இரண்டாவது பாபின். குறைந்தது பத்து. துருப்பிடித்தது, ஓரம் வளைந்தது எல்லாம் தூக்கிப் போடுங்கள். வளைந்த பாபின் கேஸுக்குள் விக்கி விக்கிச் சுற்றும், டென்ஷன் (நூல் இறுக்கம்) மாறிக்கொண்டே இருக்கும். பாபின் கேஸ் உபரியாக ஒன்று. வெள்ளை மிஷின் எண்ணெய் ஒரு பாட்டில். தோல் பெல்ட் ஒன்று, கம்பிக் கொக்கியோடு. நூல் டென்ஷனில் இருக்கும் மெல்லிய கம்பி ஸ்பிரிங் ஒன்று. சின்னச் சாமான், ஒடிந்தால் மிஷின் முடங்கும்.

ரப்பர் வளையத்துக்கு மிஷின் கடையையே நம்பியிருக்க வேண்டாம். குழாய்ச் சாமான் கடையில் ஓ-ரிங் கிடைக்கும். வளையம் உட்காரும் பள்ளத்தை நூலால் சுற்றி அளந்துபோய், கொஞ்சம் இழுத்துப் போடுகிற அளவில் வாங்குங்கள். லூசாக இருந்தால் சக்கரத்தில் உரசாமல் நழுவும்.

இனி, அடியில் தொங்கும் வளையம். பாபின் ஸ்க்ரூவைத் திருகியதுதான் தப்பு. அடியில் தொங்குவது மேல் நூல். மேலே பிடிப்பு இல்லாததால்தான் அது கீழே போய்த் தொங்குகிறது. ஃபுட்டைத் தூக்கினால் டென்ஷன் தட்டுகள் விலகும்; அந்த நிலையில்தான் நூல் போட வேண்டும். ஃபுட் இறங்கியிருக்கும்போது போட்டால் நூல் தட்டுகளுக்கு வெளியே நிற்கும். தட்டுகளுக்கு இடையில் பஞ்சு அடைத்திருந்தாலும் இதே கதை. ஃபுட்டைத் தூக்கிவிட்டு, மெல்லிய துணியோரத்தை உள்ளே விட்டு முன்னும் பின்னும் இழுங்கள்.

பாபின் கேஸைப் பழைய நிலைக்குக் கொண்டுவர: பாபினைப் போட்டு, நூல் நுனியைப் பிடித்து, கேஸைத் தொங்க விடுங்கள். தானாக வழுக்கி இறங்கினால் லூசு. கையை வெடுக்கென்று ஒரு தரம் உதறும்போது இரண்டு மூன்று விரற்கடை இறங்கி நின்றால் சரி. உதறியும் அசையாவிட்டால் இறுக்கம். ஸ்க்ரூவை ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். கீழே ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள். அந்த ஸ்க்ரூ விழுந்தால் கிடைக்காது.

ஆரம்பத்தில் கொத்தாகச் சுற்றுவதற்கு: நூல் தூக்கி (மேல் நூலோடு ஏறி இறங்கும் கை) உச்சியில் இருக்கும்போதுதான் தொடங்க வேண்டும். மேல் நூல், கீழ் நூல் இரண்டையும் நாலு விரல் நீளம் விட்டு ஃபுட்டுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு முதல் மூன்று தையல் போடுங்கள். சக்கரத்தின் மேல்பக்கம் உங்களை நோக்கி வர வேண்டும். மிதி எதிர்ப்பக்கம் ஒரு சுற்றுப் போனாலும் ஷட்டிலில் நூல் சிக்கும். மூணு பேர் மாறி மாறி மிதிக்கிற மிஷினில் பாதிக் கோளாறு இதுதான்.

பதில் 2: ரிப்பேர்_பெஞ்ச்

பெல்ட் மாட்டுவதைச் சொல்ல விட்டுப்போச்சு. தோல் பெல்ட் 5 மி.மீ. தடிமன், ஆறடி நீளம் வாங்கினால் சாதாரண ஸ்டாண்டுக்குப் போதும். இரண்டு சக்கரத்திலும் சுற்றிப் பார்த்து, நுனிகள் சந்திக்கும் இடத்திலிருந்து 1 செ.மீ. குறைத்து வெட்டுங்கள். நுனியிலிருந்து அரை செ.மீ. தள்ளிப் பழுக்கக் காய்ச்சிய ஆணியால் துளை போட்டு, கொக்கியை மாட்டிக் குறடால் மடக்குங்கள். புதுத் தோல் நீளும். சில வாரத்தில் மறுபடி கொஞ்சம் வெட்ட வேண்டியிருக்கும், அதனால் முதலிலேயே நிறைய வெட்டிவிடாதீர்கள். நைலான் கயிறு கட்டி ஓட்டுகிறவர்கள் உண்டு, அது வழுக்கும். முறுக்கிய பருத்திக் கயிறு பரவாயில்லை, ஆனால் முடிச்சு சக்கரத்தில் ஏறும்போதெல்லாம் துள்ளும். முடிச்சுப் போடாமல் இரு நுனியையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஊசியால் இறுகத் தைத்துவிடுங்கள். பெல்ட்டில் எண்ணெய் பட்டிருந்தால் துடைத்துவிட்டு சாக்பீஸ் தேயுங்கள்.

பதில் 3: வெட்டுப்பலகை

மிஷின் விஷயத்தை அண்ணன் சொல்லிட்டார். துணி, நூல் பக்கம் நான் சொல்றேன்.

நூலுக்குக் கணக்கு: தையல் நீளத்தைப் போல் மூணு பங்கு நூல், மேலும் கீழும் சேர்த்து. ஆறு பீஸ் உள்பாவாடைன்னா பக்கத் தையல் ஆறு, தலா ஒரு மீட்டர். கீழ் மடிப்பு மூணு மீட்டர். மேல் பட்டை ரெண்டு. மொத்தம் 11, நூல் 33 மீட்டர். பக்கத் தையலை ரெண்டு தடவை ஓட்டினா 51. இந்தக் கணக்கு கையில் இருந்தால் மாசத்துக்கு எத்தனை கட்டைன்னு நீங்களே போட்டுக்கலாம்.

கலர் எல்லாம் வாங்கிக் குவிக்க வேண்டாம். வெள்ளை, கறுப்பு, சாம்பல், சந்தனம், மெரூன், யூனிஃபார்ம் கலர், இது போதும். நடுத்தரச் சாம்பல் பல துணிகளில் உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாது. வெளியே தெரிகிற பக்கத்துக்கு மட்டும் பொருத்தமான கலர் போட்டு, பாபினில் கிடைத்ததைப் போடுங்க. ஆனா டென்ஷன் சரியா இருந்தால்தான் இது நடக்கும். இல்லேன்னா கீழ் நூல் மேலே புள்ளி புள்ளியாத் தெரியும்.

ஓவர்லாக் கடைகளில் விற்கிற பெரிய கோன் நூல் கட்டைவிட மீட்டருக்கு மலிவு. பாலியெஸ்டரா, முறுக்கு சரியா இருக்கான்னு இழுத்துப் பார்த்து வாங்குங்க. கோனை மிஷின் மேல் கம்பியில் குத்தினால் நூல் பக்கவாட்டில் இழுபட்டு அறுந்துபோகும். மிஷினுக்குப் பின்னால் ஒரு டம்ளரில் நிக்க வைங்க, அதுக்கு நேர் மேலே சுவர் ஆணியில் ஒரு ஊக்கு மாட்டி அதன் வளையம் வழியா நூலைக் கொண்டாந்தால் நேரா வரும்.

வீட்டில் கிடக்கிற பழைய பருத்தி நூலை நம்பி மிஷினில் போடாதீங்க. ஒரு முழம் எடுத்து வெடுக்குன்னு இழுங்க. சத்தமே இல்லாம பிரிஞ்சா அது இழையோட்டுக்கு (மிஷினில் தைக்கிறதுக்கு முன்னாடி கையால் போடுற தற்காலிகத் தையல்) மட்டும்தான்.

ஓவர்லாக் இல்லாத குறைக்கு பிரெஞ்சுத் தையல்தான் சரி. உள்பாவாடை, நைட்டி, மெல்லிசு சுடிதார் எல்லாத்துக்கும் ஒத்து வரும். துணியின் நல்ல பக்கம் ரெண்டும் வெளியே இருக்கும்படி வைத்து ஓரத்திலிருந்து 6 மி.மீ.-இல் முதல் தையல். பிசிறை 3 மி.மீ. விட்டு வெட்டிடுங்க. திருப்பி, தையல் கோட்டை நகத்தால் நீவி மடிச்சு, 6 மி.மீ.-இல் ரெண்டாவது தையல். வெட்டும்போதே ஓரத்துக்கு ஒன்றேகால் செ.மீ. விட்டிருக்கணும். முதல் பிசிறை ஒழுங்கா வெட்டலேன்னா ரெண்டாவது தையலுக்கு வெளியே மீசை மாதிரி நீட்டிக்கும். கைக்குழி வளைவில் இது தடிச்சுப் போகும். அங்கே கையால் ஓரம் சுத்திக் கட்டுறதே மேல். ஜாக்கெட் பக்கத் தையலுக்கும் இது வேண்டாம், பிரிச்சுப் பெருசாக்க ஒரு இஞ்ச் உள்ளே விடணுமே.

வழுக்குற துணி, தொளதொள துணி வெட்டுறதுக்கு முன்னாடி நீர்த்த அரிசிக் கஞ்சியில் நனைச்சு, காய வைத்து, இஸ்திரி போடுங்க. தாள் மாதிரி நிக்கும். தைச்சு முடிச்சு அலசினா போயிடும். காலர், பட்டைக்கு கேன்வாஸ் இல்லேன்னா பழைய வேட்டித் துணி ரெண்டு மடிப்பு, அது முன்னாடியே துவைச்சுச் சுருங்கினது என்பதால் பின்னாடி காலர் கோணாது. சாக் இல்லேன்னா தேய்ந்த சோப்புத் துண்டு, ஓரத்தைக் கத்தியால் சீவி. பட்டுத் துணியில் மட்டும் சோப்பு வேண்டாம், கறை நிக்கும்.

மூணு பேர் ஒரு மிஷின்னா, மிஷின்ல உக்காந்து யோசிக்கிற நேரம்தான் வீண். வெட்டுறது, இழையோட்டு, இஸ்திரி எல்லாம் அவங்கவங்க வீட்டில். மிஷினுக்கு வரும்போது பாபின் சுத்தி, அவங்க பேர் எழுதின டப்பியோட வரணும். ஒரே கலர் நூல் வேலையை ஒரே நாளில் வைங்க. கீழ் மடிப்பு, கொக்கி, காஜா, பட்டன் எல்லாம் கைத்தையல். தோள்பட்டை மாதிரி இழுபடுற இடத்தைக் கையால் தைக்க வேண்டி வந்தா ஓட்டுத் தையல் நிக்காது. பின் தையல் (ஒவ்வொரு தடவையும் ஊசியைக் கொஞ்சம் பின்னால் குத்தி முன்னால் எடுக்கிறது) போடுங்க. நூல் முழங்கை நீளத்துக்கு மேல் வேண்டாம், மெழுகுவர்த்தியில் ஒரு தடவை இழுத்தா சிக்காது.

முதுகுளத்தூர்_தையல்

ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. ஃபுட்டைத் தூக்கி நூல் போட்டதும் அடி வளையம் நின்னுடுச்சு. ஆனா காட்டன் துணியிலும் அங்கங்கே தையல் விடுது. புது ஊசி, தட்டை வலது பக்கம்தான் இருக்கு. போன வாரம் பேண்ட் மடிப்பில் தைக்கும்போது குண்டூசி மேல் ஏறி ஊசி உடைஞ்சது. அதிலிருந்துதான் இப்படி. இன்னொண்ணு, எண்ணெய் தீர்ந்துபோச்சு. இப்போதைக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?

பதில் 4: ரிப்பேர்_பெஞ்ச்

தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். மார்கழிக் குளிரில் உறையும், மற்ற நாளில் காற்றுப் பட்டுப் பிசினாகும். விளக்கெண்ணெயும் பிசினாகும். எண்ணெய் இல்லாமல் இரண்டு நாள் சும்மா கிடந்தால் மிஷினுக்கு ஒன்றும் ஆகாது, பிசின் பிடித்தால் தலையே இறுகும். ஏற்கெனவே விட்டிருந்தால் எல்லா எண்ணெய்த் துளையிலும் மண்ணெண்ணெய் சொட்டு விட்டு, நூல் இல்லாமல் ஐந்து நிமிஷம் மிதித்து, கறுப்பாக வழிவதைத் துடைத்து, பிறகு மிஷின் எண்ணெய். மண்ணெண்ணெய் கழுவத்தான், அதை விட்டுவிட்டு அப்படியே ஓட்டினால் இரும்பும் இரும்பும் உரசும்.

குண்டூசியில் ஊசி உடைந்தால் இரண்டு இடம் பார்க்க வேண்டும்.

முதலில் ஷட்டில் முனை. தலையைச் சாய்த்து, பாபின் கேஸை எடுத்து, வளையத்தைப் பிடித்திருக்கும் இரண்டு தாழ்களையும் திருப்பினால் வளையமும் ஷட்டிலும் கையில் வரும். எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கழற்றுங்கள். முனையை நகத்தில் இழுத்துப் பாருங்கள். கீறினால் பிசிறு இருக்கிறது; 1000 நம்பர் எமரித் தாளால் முனையை நோக்கி லேசாக நீவுங்கள். வழவழப்பாக்கத்தான், கூராக்க அல்ல. முனை உடைந்திருந்தால் நீவிப் பயனில்லை. நீளம் குறைந்த ஷட்டில் நூலை எட்டாது. புதிது வாங்க வேண்டும். பிளேட் துளையிலும் ஊசி குத்திய வடு இருக்கும், அதையும் அதே தாளை நூல்போல் சுருட்டி நீவுங்கள். நூல் அடிக்கடி அறுவதற்கு அந்த வடுவே போதும்.

அடுத்து ஊசித்தண்டு. அடி வாங்கும்போது தண்டு பிடியிலிருந்து மேலே ஏறியிருக்கலாம். புது ஊசி மாட்டி, ஃபுட்டைக் கழற்றி, சக்கரத்தைக் கையால் உங்கள் பக்கம் மெதுவாகச் சுற்றுங்கள். ஊசி அடிமட்டம் தொட்டு 2 முதல் 2.5 மி.மீ. மேலே வரும்போது ஷட்டில் முனை ஊசியைத் தாண்ட வேண்டும். அந்த நொடியில் ஊசிக் கண்ணின் மேல் விளிம்பு, முனைக்கு ஒன்றரை மி.மீ. கீழே இருக்க வேண்டும். கண் முனைக்கு நேராகவோ மேலாகவோ நின்றால் தண்டு ஏறியிருக்கிறது. இடது பக்க முகத்தகட்டைக் கழற்றினால் தண்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ தெரியும். அரைச் சுற்று லூசாக்கி, தண்டைத் திருகாமல் நேராக இறக்கி, இறுக்கி, மறுபடி சுற்றிப் பாருங்கள். தண்டு திரும்பிவிட்டால் ஊசியின் தட்டைப் பக்கம் கோணலாகி, சரிசெய்த வேலையே புதுக் கோளாறாகும். பல தண்டுகளில் இரண்டு கோடு கீறியிருக்கும், உங்களதில் இருந்தால் மேல் கோடு அடிமட்டத்துக்கு, கீழ் கோடு முனை தாண்டும் நிலைக்கு.

பதில் 5: யாழ்_தையல்காரி

வணக்கம். இஞ்ச இலங்கையில 2022-இல டொலர் தட்டுப்பாட்டோட இறக்குமதிச் சாமான் எல்லாம் விலையேறி, கரண்டும் ஒரு கட்டத்தில நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் இல்லாமப் போன நேரம் மிதி மெசின் வைச்சிருந்த ஆக்கள்தான் வேலை செய்தவை. உங்கட மெசினுக்குப் பிறகு மோட்டர் பூட்டினாலும் பெல்ட்டையும் மிதியையும் கழட்டி எறியாதேங்கோ.

இலாஸ்டிக் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. பழைய உடுப்பில இருந்து எடுக்கிறதெண்டால் ஒன்றரை மடங்கு இழுத்து பத்துத் தரம் விட்டுப் பாருங்கோ. முதல் நீளத்துக்குத் திரும்பி வந்தால் பாவிக்கலாம். நடுவில நூல் நூலா வெளிக்கிட்டிருந்தால் அதைத் தைச்சு மினக்கெட வேண்டாம். இடுப்பளவில 5 தொடக்கம் 8 சென்ரிமீற்றர் குறைச்சு வெட்டினால் காணும். மடிப்பு இலாஸ்டிக் அகலத்தை விட 3, 4 மில்லிமீற்றர் கூட இருக்கோணும். ஒட்டினாப்போல இருந்தால் ஊசி இலாஸ்டிக்கிலேயே ஏறி, ரப்பரை அறுத்துப்போடும்.

இலாஸ்டிக் இல்லையெண்டால் பழைய ரீசேட்டை குறுக்குப்பாட்டுக்கு, கீழ் மடிப்புக்குச் சமாந்தரமா, 2 சென்ரிமீற்றர் கீலமா வெட்டி இழுத்தால் சுருண்டு கயிறு மாதிரி வரும். கைச்சுருக்குக்கும் சின்னப்பிள்ளையளின்ர சட்டைக்கும் போதும். நெடுக்கு வெட்டினால் இழுபடாது. பாவாடை இடுப்புக்கு அது பாரம் தாங்காது, நாடாதான்.

சிப் பூட்டின பிறகு பின்னால விரியுதெண்டால் பல்லில பிழையில்லை, ஓடுற தலை தேஞ்சிட்டுது. தலையின்ர பின்பக்க இரண்டு ஓரத்தையும் குறட்டால மெல்லமா, ரெண்டு பக்கமும் ஒரே அளவில அமத்துங்கோ. அது வார்ப்பு உலோகம், ஒரேயடியா அமத்தினால் வெடிச்சுப் போகும். நீளமான சிப்பைக் குறைக்கிறதெண்டால் வேணுமான இடத்தில பல்லுக்குக் குறுக்கால எட்டுப் பத்துத் தரம் இறுக்கிச் சுத்தித் தைச்சு, அதுக்குக் கீழ ஒன்றரை சென்ரிமீற்றர் விட்டு வெட்டுங்கோ. நைலோன் சிப்புக்குத்தான் இது சரி.

பதில் 6: வெட்டுப்பலகை

யாழ் அக்கா சொன்ன டி-ஷர்ட் கீலம் ஜாக்கெட் கைக்கு வேண்டாம், வேர்வை பட்டா தளர்ந்துடும். மத்ததுக்குச் சரி.

இன்னொரு மிஷின் பத்தி: சமூக நலத்துறையில் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டம் இருக்கு. கணவரை இழந்தவங்க, கைவிடப்பட்டவங்க, மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைஞ்சவங்களுக்கு. வயசு வரம்பும் வருமான வரம்பும் உண்டு, தையல் தெரியும்னு சான்றிதழ் கேப்பாங்க. மூணு பேரில் யாராவது ஒருத்தர் பொருந்தினா இ-சேவை மையத்தில் விசாரிங்க.

பதில் 7: ரிப்பேர்_பெஞ்ச்

பழைய மிஷின் விலைக்கு வந்தாலும் பாருங்கள். பெயிண்ட், பூப்போட்ட ஸ்டிக்கர் இதையெல்லாம் பார்த்து ஏமாற வேண்டாம். புதுசாக அடித்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். ஊசித்தண்டை விரலால் முன்பின் அசைத்துப் பாருங்கள், ஆட்டம் கண்டால் புஷ் (தண்டு ஓடுகிற உள்குழல்) தேய்ந்திருக்கிறது, அந்தச் செலவு பெரிது. பல் மழுங்கியது, ஷட்டில் கெட்டது, பெல்ட் இல்லாதது எல்லாம் மாற்றக்கூடியவை. அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள். நூல் இல்லாமல் இரண்டு வெள்ளைத் தாளை வைத்து ஒரு முழம் தைத்துப் பார்த்தால் துளைகளின் இடைவெளி காட்டிக்கொடுக்கும். சமமாக இருந்தால் பல் நன்றாக இழுக்கிறது. கோடு ஒரு பக்கமாக வளைந்து போனால் ஃபுட் கோணலா என்று பாருங்கள், அநேகமாக அதுதான் இருக்கும்.